கேப்டன், விஞ்ஞானி, டாக்டர்: அறிவியல் புனைவுத் தொடர் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் அறிவியல் புனைவு வெப் சீரிஸ் எழுத உட்கார்ந்திருக்கும் கதைக் குழுவினருக்கு,

வணக்கம்.

ஒன்லைன் விண்கலமோ, டைம் மெஷினோ, செயற்கை அறிவோ, எதுவாக இருந்தாலும் டிஸ்கஷன் தொடங்கிய சில நாளிலேயே ஒரு தாள் தயாராகிவிடுகிறது. 'கேப்டன்: தைரியசாலி, கோபக்காரன். விஞ்ஞானி: பெரிய மூளை, சிரிக்க மாட்டான். டாக்டர்: இளகிய மனசு. மெக்கானிக்: காமெடி.' இந்தத் தாளைப் பற்றித்தான் இந்த மடல்.

வகைமாதிரிகளே கூடாது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அவை இல்லாமல் வாராவாரம் ஓடும் தொடரை எழுத முடியாது. ஆனால் தாளில் இருப்பவை வெறும் குணங்கள். குணத்தை வைத்து டீசர் வெட்டலாம், எபிசோட் எழுத முடியாது. ஒரு முடிவு எடுத்தே ஆக வேண்டிய நேரத்தில் யார் எந்தப் பக்கம் இழுப்பார், யார் தலையில் பழி விழும் என்பதுதான் வகைமாதிரி. இதை நிரூபிக்க ஒரே தொடரைப் பிரித்துப் போட்டால் போதும்: 1966 செப்டம்பர் 8 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சி என்.பி.சி.யில் தொடங்கி, 1969இல் மூன்று சீசன், 79 எபிசோடுகளோடு நின்றுபோன விண்கலத் தொடர் ஸ்டார் ட்ரெக்.

கேப்டன் கிர்க், தர்க்கத்தையே நம்பும் விஞ்ஞானி ஸ்பாக், டாக்டர் மெக்காய் மூவரும் முதல் நாளே சேர்ந்து வந்துவிடவில்லை. 1964 இறுதியில் எடுத்த முதல் பைலட் (சேனலுக்குக் காட்டும் மாதிரி எபிசோட்) 'தி கேஜ்'இல் கேப்டன் பைக். உணர்ச்சி காட்டாத நிதானம் அவருக்கு அடுத்த அதிகாரியான ஒரு பெண்ணிடம் இருந்தது. அவளுக்குப் பெயர்கூட இல்லை, 'நம்பர் ஒன்' அவ்வளவுதான். அதில் வரும் ஸ்பாக், ஓசை எழுப்பும் நீல இலைகளைப் பார்த்துப் பல் தெரியச் சிரிப்பார். என்.பி.சி. அந்தப் பைலட்டை ஏற்கவில்லை. ஆனால் இரண்டாவது ஒன்றை எடுக்கச் சொன்னது. அதில் நம்பர் ஒன் இல்லை. அவளுடைய நிதானம் ஸ்பாக்கிடம் போய்ச் சேர்ந்தது. தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி ஆளை எடுத்துவிட்டு, அந்த ஆள் செய்த வேலையை மட்டும் வைத்துக்கொண்டார். தாளில் கதாபாத்திரங்களை வெட்டும்போது நீங்களும் இதைத்தான் செய்ய வேண்டும்: வெட்டப்படுபவர் கதையில் எந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார், அது இனி யாருக்குப் போகிறது என்று எழுதிவிட்டு வெட்டுங்கள்.

இரண்டாம் பைலட்டை இன்னொரு முறை கவனமாகப் பாருங்கள். கிர்க்கின் பழைய நண்பன் கேரி மிட்செலுக்கு அசுர சக்தி வந்து, அது நேரத்துக்கு நேரம் வளர்கிறது. ஆளில்லாத கிரகத்தில் இறக்கிவிடு, இல்லையென்றால் கொல்ல முடிகிறபோதே கொன்றுவிடு என்கிறார் ஸ்பாக். கிர்க்குக்கு மனம் வரவில்லை. மிட்செலுக்காகப் பேச யாராவது வேண்டுமே? கலத்தின் டாக்டர் பைப்பர் கிட்டத்தட்டச் சும்மா நிற்கிறார். அந்த வாதத்தைச் செய்வது டெனர் என்ற மனநல மருத்துவர், அந்த ஒரு எபிசோடுக்கு மட்டும் வந்து கடைசியில் இறந்துபோகும் விருந்தாளி. அதாவது மூன்றாவது நாற்காலி இருக்கிறது, நிரந்தரமாக உட்கார ஆளில்லை. இரண்டு கல்லை வைத்து உலை ஏற்றிய மாதிரிதான். தொடர் முறையாகத் தொடங்கியபோது அந்த நாற்காலிக்கு வந்தவர் மெக்காய்.

மெக்காயாக நடித்த டிஃபாரஸ்ட் கெல்லி அதற்கு முன் வெஸ்டர்ன்களில் பெரும்பாலும் வில்லனாக வந்தவர். எங்கள் கணிப்பில் தொடரின் மிகப் பெரிய அதிர்ஷ்டம் இது. கருணை பேச வேண்டிய பாத்திரத்துக்கு முரட்டு வாய். நம் பக்கம் இதே பாத்திரத்துக்குக் கண்ணில் நீர் தளும்பும் ஒருவரைப் பிடித்து, வசனத்துக்கு வசனம் வீணை வாசித்துவிடுவோம். மூன்றாம் எபிசோடில் பார்வையாளர் ஃபாஸ்ட் ஃபார்வர்டு செய்வார். உயிருக்காகப் பேசுகிறவர் எரிச்சலோடு பேசட்டும். கோபத்தோடு வரும் கருணைக்கு எதிராளி பதில் சொல்லியே ஆக வேண்டும். அழுகையோடு வந்தால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடலாம்.

அடுத்தது, அறிவாளி. இங்கேதான் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள். அறிவாளி தோற்க வேண்டிய காட்சி வந்தால் அவரைக் கணக்கில் தப்பு விட வைக்கிறார்கள். அப்படிச் செய்தால் அவர் அறிவாளியே இல்லை என்றாகிவிடுகிறது. 'தி கலிலியோ செவன்' (1967 ஜனவரி) இதை எப்படிச் செய்தது என்று பாருங்கள். ஏழு பேர் சென்ற ஷட்டில் என்ற சிறு கலம் ஒரு கிரகத்தில் விழுந்துவிடுகிறது. கிர்க் கூட இல்லை, தலைமை ஸ்பாக்கிடம். மேலே எழும்ப வேண்டுமானால் ஏறக்குறைய மூன்று ஆள் எடை குறைய வேண்டும். யாரை விட்டுவிட்டுப் போவது என்பதைத் தானே முடிவு செய்வதாக ஸ்பாக் அறிவிக்கிறார், பதற்றமே இல்லாமல். வெளியே பெரிய உருவங்கள் ஈட்டியோடு சுற்றுகின்றன. கொல்லத் தேவையில்லை, பயமுறுத்தினால் ஓடிவிடும் என்று கணிக்கிறார். அவை ஓடவில்லை, கோபத்தோடு திரும்பி வந்து தாக்குகின்றன. மரியாதை என்பதே யோசித்து வருவது, கோபம் அப்படியில்லையே என்று மெக்காய் அந்த இடத்தில் பிடிக்கிறார். ஸ்பாக்கின் கணக்கு சரி. எதிரே நின்றவர்கள் கணக்குப் பார்க்கிறவர்கள் இல்லை. அறிவாளியின் தோல்வி இந்த ஒரு வழியில்தான் வர வேண்டும்.

அந்த எபிசோடின் முடிவு இன்னும் நுட்பம். சுற்றுப்பாதைக்கு வந்தபின், மீதமிருக்கும் எரிபொருளை ஸ்பாக் ஒரேயடியாக வெளியே விட்டுக் கொளுத்துகிறார். நம்பிக்கையற்ற செயல், தர்க்கத்துக்கே விரோதம். அந்தத் தீக்கோட்டைப் பார்த்துத்தான் அவர்களுடைய தாய்க்கலம் எண்டர்பிரைஸ் வந்து மீட்கிறது. பிறகு கிர்க் கிண்டல் செய்கிறார், ஸ்பாக் ஒப்புக்கொள்ள மறுக்கிறார். வகைமாதிரி உடைந்தது, ஆனால் உடைந்ததைப் பாத்திரமே மறுத்ததால் அடுத்த வாரத்துக்கு அப்படியே மிஞ்சியது. 'அன்றிலிருந்து அவன் மாறிவிட்டான்' என்று எழுதியிருந்தால் தொடருக்கு ஒரு தூண் போயிருக்கும்.

எவ்வளவு சீக்கிரம் உடைக்கலாம் என்ற கேள்வி எல்லா டிஸ்கஷனிலும் வரும். ஒளிபரப்பான வரிசையில் நான்காவது எபிசோடிலேயே, தொற்று ஒன்றின் விளைவால், ஸ்பாக் தனியறையில் உட்கார்ந்து தன் தாயை நினைத்து அழுகிறார். சீக்கிரம்தான், ஆனால் காரணம் வெளியிலிருந்து வருகிறது. வெளிக்காரணத்தால் உடைவதை முதல் மாதமே வைக்கலாம்; உள்ளே என்ன இருக்கிறது என்று பார்வையாளருக்குத் தெரிய அது தேவையும்கூட. தன் முடிவாலேயே பாத்திரம் உடைவதற்குக் காத்திருங்கள். முதலில் அவர் தன் பிடியில் நின்று அதற்கான விலையைக் கொடுக்கும் இரண்டு மூன்று எபிசோடுகளாவது போக வேண்டும்.

கேப்டனுக்கு வருவோம். கிர்க் என்றால் சண்டை, காதல், கிழிந்த சட்டை என்று ஒரு பிம்பம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவருடைய உண்மையான வேலை, இரண்டு பேர் சொல்வதையும் கேட்டுவிட்டு யாருக்கும் முழுதாகப் பிடிக்காத ஒன்றைச் செய்வது. ரிச்சர்ட் மாதெசன் எழுதிய 'தி எனிமி விதின்'இல் ஆட்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நொடியில் அனுப்பும் டிரான்ஸ்போர்ட்டரின் கோளாறால் கிர்க் நல்லவர், கெட்டவர் என இரண்டாகப் பிரிகிறார். நம் ஊரில் இரட்டை வேடம் என்றால் நல்லவர் கெட்டவரை அடித்து ஜெயிப்பார். இங்கே நல்ல கிர்க்குக்கு நேரம் ஆக ஆக முடிவெடுக்கும் திறனே வடிந்துபோகிறது. கீழே கிரகத்தில் கலத்தின் அதிகாரி சூலுவும் மற்றவர்களும் குளிரில் விறைத்துக்கொண்டிருக்க, இவர் தயங்கிக்கொண்டே நிற்கிறார். இரண்டு பாதியும் மறுபடி ஒன்றானால்தான் கேப்டன். தலைவன் பாத்திரத்துக்குக் குறிப்பு எழுதும்போது அவருடைய வீரத்தை எழுதாதீர்கள். எந்தக் கெட்ட குணம் போனால் அவரால் வேலை செய்ய முடியாது என்பதை எழுதுங்கள்.

மூவரும் சேர்ந்து இயங்குவதைப் பார்க்க 'தி டெவில் இன் தி டார்க்' எடுத்துக்கொள்ளுங்கள். சுரங்கத் தொழிலாளர்களைக் கொல்லும் பாறை உயிர் ஒன்று. கொன்றுவிட வேண்டும் என்கிறார் கிர்க். இனத்தில் கடைசியாக இருக்கலாம், காப்பாற்றலாமே என்கிறார் ஸ்பாக். பின்னால் சுரங்கப் பாதையில் கிர்க் மட்டும் தனியாக அதன் எதிரே மாட்டிக்கொள்கிறார். கம்யூனிகேட்டரில் ஸ்பாக், உடனே கொல்லுங்கள் என்று பதறுகிறார். இப்போது சுடாமல் நிற்பது கிர்க். இரண்டு பேரும் இடம் மாறிவிட்டார்கள், யாரும் குணம் மாறவில்லை. அறிவியலுக்காகப் பேசியவருக்கு நண்பன் உயிர் முன்னால் வந்துவிட்டது. ஆட்களுக்குப் பொறுப்பானவர் கண்ணெதிரே, தாக்காமல் நிற்கும் ஓர் உயிரைப் பார்த்துவிட்டார். மெக்காய் எங்கே? தான் டாக்டரா கொத்தனாரா என்று சலித்துக்கொண்டே, அந்தப் பாறையின் காயத்தில் கான்கிரீட் பூசிக்கொண்டிருக்கிறார்.

இதிலிருந்து ஒரு சோதனை. உங்கள் ஸ்கிரிப்டின் முக்கியமான வாக்குவாதக் காட்சியில் பெயர்களை அழித்துவிட்டு, குழுவில் இல்லாத ஒருவரிடம் கொடுங்கள். எந்த வசனம் யாருடையது என்று அவரால் சொல்ல முடியாவிட்டால் வகைமாதிரி இன்னும் உருவாகவில்லை. சொல்ல முடிந்தால் அடுத்த கட்டம்: மூவரில் ஒருவரைக் காட்சியிலிருந்து தூக்கிவிட்டுப் படியுங்கள். அதே முடிவுதான் வருகிறது என்றால் அவர் அங்கே பில்டப்புக்கு நிற்கிறார். சம்பளம் மிச்சம், அனுப்பிவிடுங்கள். ஐம்பது நிமிட எபிசோடில் இப்படிப்பட்ட பெரிய முடிவு இரண்டுக்கு மேல் தாங்காது. ஐந்து வைத்தால் ஐந்தும் நீர்த்துப்போகும்.

இதே ஆட்டத்தைப் பிற்பாடு தவறாக ஆடியதற்கும் உதாரணம் வெளியில் தேட வேண்டாம். 1987இல் வந்த அடுத்த ஸ்டார் ட்ரெக் தொடர் 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தன் இரண்டாம் சீசனில் டாக்டர் புலாஸ்கியைக் கொண்டுவந்தது. மெக்காய், ஸ்பாக் உரசலை மறுபடி வரவழைக்கும் முயற்சி என்று பார்த்ததுமே தெரியும். புலாஸ்கி இயந்திர மனிதன் டேட்டாவின் பெயரைத் தப்பாக உச்சரிக்கிறார்; அவர் திருத்தினால், அதனால் என்ன வித்தியாசம் என்று கேட்கிறார். ஒன்று என் பெயர், மற்றது இல்லை என்கிறார் டேட்டா. அந்த நொடியில் பார்வையாளர் டாக்டருக்கு எதிராகப் போய்விட்டார்கள். மெக்காய் குத்தினால் ஸ்பாக் புருவத்தைத் தூக்கி இரண்டு மடங்காகத் திருப்பிக் குத்துவார். டேட்டா குழந்தை, குத்துவதே தெரியாது. வசனம் ஒரே மாதிரி, எதிரே இருக்கிற வகைமாதிரி வேறு. விளைவு, சீண்டல் கொடுமையாகிவிட்டது. ஒரு சீசனோடு புலாஸ்கி போய்விட்டார். குறை நடிகை மேல் இல்லை.

அதே தொடரின் கவுன்சிலர் ட்ராய் இன்னொரு பாடம். மற்றவர் மனதை உணரக்கூடியவர். ஆரம்பத்தில் எதிராளி கோபமாக இருப்பதை அவர் வாய்விட்டுச் சொல்வார்; எதிராளியின் முகத்திலேயே அது தெரியும். சக்தியைக் கொடுத்துவிட்டு முடிவெடுக்கும் வேலையைக் கொடுக்காததால் வந்த வினை. ஏழாம் சீசனின் 'தைன் ஓன் செல்ஃப்'இல் அவர் பதவி உயர்வுத் தேர்வு எழுதுகிறார். எத்தனை முறை பாவனைப் பயிற்சியை ஓட்டினாலும் கலம் வெடிக்கிறது. நண்பர் ஜோர்டியைச் சாகும் இடத்துக்கு அனுப்பினால்தான் தேர்ச்சி. அனுப்புகிறார். எல்லோருடைய வலியையும் உணர்கிறவர் அந்த உத்தரவைக் கொடுப்பதில் ஒரு முழுப் பாத்திரம் இருக்கிறது. அதற்கு ஏழு வருடம் ஆகியிருக்கக் கூடாது.

பக்கப் பாத்திரங்களுக்கு இவ்வளவு வேண்டியதில்லை. ஆளுக்கு ஒரு 'முடியாது' போதும். பழைய ஸ்டார் ட்ரெக்கின் 'எ டேஸ்ட் ஆஃப் ஆர்மகெடான்'இல், கலத்தின் கவசத்தை இறக்கு என்று தூதர் உத்தரவிட, கேப்டன் இல்லாத நேரத்தில் இன்ஜினியர் ஸ்காட்டி மறுத்துவிடுகிறார். மெக்கானிக் அதோடு ஆளாகிவிட்டார். காமெடி ட்ராக் தனியாக வேண்டாம்.

கடைசியாகத் தயாரிப்பாளரோடு நீங்கள் பேச வேண்டிய ஒரு விஷயம். பழைய ஸ்டார் ட்ரெக்கின் முதல் சீசன் முழுக்க டைட்டிலில் கிர்க்காக நடித்த ஷாட்னர், ஸ்பாக்காக நடித்த நிமோய் இருவர் பெயர்தான் வந்தது. கெல்லியின் பெயர் அங்கே ஏறியது இரண்டாம் சீசனில். மூன்றாவது நாற்காலியின் மதிப்பு அவர்களுக்கே அவ்வளவு தாமதமாகத்தான் புரிந்தது போலும். நம் தயாரிப்புகளில் ஹீரோவுக்கும் ஹீரோயினுக்கும் கால்ஷீட் வாங்கிய பிறகு, டாக்டர் வேஷத்துக்கு எபிசோடுக்கு இரண்டு நாள் என்று யாரையாவது பேசிவிடுவார்கள். அப்புறம் மூவரும் ஒரே அறையில் நின்று வாதாடும் காட்சியை எடுக்க முடியாமல், ஒருவர் போனில் பேசுவது போல மாற்றி எழுதச் சொல்லி உங்களிடம் வருவார்கள். முதல் ஒப்பந்தங்கள் போடும்போதே மூவருக்கும் சேர்ந்தாற்போல் தேதி வாங்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அறிவியல் புனைவுத் தொடர்களை வரிவிடாமல் பார்க்கும் சில தமிழ் ரசிகர்கள்