பக்கத்துக் கட்டில் அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

போன அக்டோபரில் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில், பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் உங்கள் மாமியார், அதற்கு அடுத்ததில் என் அம்மா. ஞாபகம் இருக்கும் என்று நினைக்கிறேன். அக்கா, தங்கச்சி என்று கூப்பிட்டே பத்து நாள் ஓடிவிட்டது. உங்கள் பெயரை நான் கேட்கவே இல்லை. டிஸ்சார்ஜ் அன்று நீங்கள் மாமியாரை ஸ்கேனுக்குக் கூட்டிப் போயிருந்தீர்கள். பில் கட்டி, ஆட்டோ வந்து, சொல்லிக்கொள்ளாமலே கிளம்பிவிட்டோம். அதனால்தான் இந்தக் கடிதத்தை இப்படிப் பொதுவில் எழுதுகிறேன். உங்கள் ஊர் தூத்துக்குடியில் யாராவது வாசித்து உங்களிடம் சொல்லமாட்டார்களா என்று ஒரு ஆசை.

ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரியைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டும். அம்மாவின் வயிற்றிலிருந்த கட்டி எப்படிப்பட்டது என்று திறந்து பார்த்தால்தான் தெரியும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். எனக்கு ஜெபம் வரவில்லை. சின்ன வயதிலிருந்து சண்டே ஸ்கூல், வாலிபர் கூட்டம், வீட்டில் தினமும் குடும்ப ஜெபம் என்று வளர்ந்தவள் நான். அன்றைக்கு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடினால் "ஆண்டவரே" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. நீங்கள் கஞ்சி ஊற்றிய டம்ளரை என் கையில் திணித்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். "மாதா பாத்துக்கிடுவா, நீ ஒரு வாய் குடி" என்றீர்கள். அப்புறம் முந்தானை முடிச்சிலிருந்து செபமாலையை எடுத்தீர்கள்.

மறைக்காமல் சொல்கிறேன், எனக்குள் ஏதோ சுருங்கியது. நாங்கள் சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை; நீங்கள் ஆர்.சி., ரோமன் கத்தோலிக்கர். "அவங்க ஆர்.சி., நம்ம வேற" என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவள் என் பாட்டி. மாதாவிடம் வேண்டுவது சரியில்லை என்பதுதான் எங்கள் வீட்டுப் பாடம். இன்றைக்கும் நான் மாதாவிடம் வேண்டுவதில்லை. அதில் என் மனம் மாறிவிட்டது என்று உங்களைச் சந்தோஷப்படுத்த ஒரு பொய் சொல்லமாட்டேன். ஆனால் அந்த மணிகள் ஒவ்வொன்றாக உங்கள் விரலில் நகர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உங்கள் உதட்டில் என் அம்மாவின் பெயர் வந்தது. கொஞ்ச நேரத்தில் கஞ்சியைக் குடித்துவிட்டேன். அரைமணி நேரம் தூங்கியும்விட்டேன், உங்கள் தோளில்.

நாலு பேர் சுமந்து வந்த திமிர்வாதக்காரன் கதை உங்களுக்கும் தெரிந்ததுதான். கப்பர்நகூமில் கூட்டத்துக்குள் நுழைய முடியாமல், கூரையைப் பிரித்துக் கட்டிலோடு இறக்குவார்கள். இயேசு அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டார் என்றுதான் மாற்கு எழுதியிருக்கிறார். படுத்துக் கிடந்தவன் என்ன நினைத்தான் என்று ஒரு வரிகூட இல்லை. எத்தனையோ பிரசங்கத்தில் கேட்ட கதை. கட்டிலில் கிடப்பவனின் இடத்தில் நானே கிடந்தபோதுதான் அது எனக்குள் இறங்கியது. என்னால் முடியாத அன்றைக்கு என் பங்கையும் சேர்த்து நீங்கள் தூக்கினீர்கள்.

மறுநாள் காலை ஸ்ட்ரெச்சர் வந்தது. பரமண்டல ஜெபம் சொல்லலாம் என்றாள் அம்மா. நீங்களும் எழுந்து வந்து அம்மாவின் காலருகே நின்றீர்கள். நாங்கள் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று ஆரம்பித்தோம், நீங்கள் "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" என்று. எங்களுக்கு நாமம், உங்களுக்குப் பெயர். எங்களுக்கு அப்பம், உங்களுக்கு உணவு. ஒரே ஜெபம் இரண்டு தமிழில் முட்டி முட்டிப் போனது. நீங்கள் முன்னாலேயே முடித்து ஆமென் சொல்லிவிட்டீர்கள். எங்களுக்கு இன்னும் "ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்" பாக்கி இருந்தது. நீங்கள் கும்பிட்ட கையை இறக்காமல் அப்படியே நின்று, அம்மா முடித்ததும் இரண்டாவது முறையாக எங்களோடு ஆமென் சொன்னீர்கள். அந்த இரண்டாவது ஆமெனுக்குத்தான் அக்கா இந்தக் கடிதம்.

ஏன் இதை இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், எங்கள் சபை பிறந்ததே இதற்காகத்தான். எங்கள் ஊருக்குப் பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா அத்தியட்சர் (பின்னால் பிஷப் ஆனவர்) 1910இல் எடின்பரோ மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனரிகளைப் பார்த்து, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டவர். 1919இல் தரங்கம்பாடியில் 33 போதகர்கள் கூடினார்கள், அநேகமாக எல்லோரும் நம் நாட்டவர்கள். கடல் கடந்து வந்த பிரிவினைகளை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கேள்வி. அதற்குப் பதில் கிடைக்க 28 வருஷம் ஆனது. யார் கை வைத்து அபிஷேகம் செய்தால் போதகர் பட்டம் செல்லும், பிஷப் வேண்டுமா வேண்டாமா என்று பேசிப் பேசி, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில்தான் ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், ஏற்கெனவே இணைந்திருந்த பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் எல்லாம் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆயின. அசரியா அதைப் பார்க்கவில்லை. 1945 ஜனவரி 1ஆம் தேதியே போய்விட்டார். தரங்கம்பாடியை வீடாகக் கொண்ட லுத்தரன் சபை அந்த ஐக்கியத்துக்குள் வரவில்லை. உங்கள் சபையோ அந்தப் பேச்சிலேயே இல்லை. "அவர்களெல்லாரும் ஒன்றாயிருக்கவும்" என்ற இயேசுவின் ஜெபம்தான் எங்கள் சபையின் இலச்சினையில் இருக்கிறது. எல்லாரும் என்பதற்குள் நீங்களும் உண்டு என்று எனக்கு அந்த ஸ்ட்ரெச்சர் பக்கத்தில்தான் உறைத்தது.

கட்டி சாதாரணக் கட்டிதான் என்று ரிப்போர்ட் வந்தது. நீங்கள்தான் என்னைவிட அதிகமாக அழுதீர்கள். உங்கள் மாமியாருக்கு அப்படி வராது என்று தெரிந்தும் அழுதீர்கள்.

அம்மாவுக்குப் பூசை ஒப்புக்கொடுக்க, பெயரை ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கேட்டீர்களே, முதலில் எழுதிய சீட்டு அடித்தல் விழுந்ததால் வேறு எழுதினீர்கள். அந்த முதல் சீட்டு என் வேதப்புத்தகத்துக்குள் இருக்கிறது. அம்மா பெயருக்குக் கீழே "சுகம் பெற செபம்" என்று இருக்கிறது. நாங்கள் ஜெபம் என்று எழுதுவோம். உங்கள் ச எனக்கு இப்போது கண்ணில் உறுத்துவதில்லை.

இங்கே வந்ததும் எங்கள் ஐயரிடம் (எங்கள் பக்கம் போதகரை அப்படித்தான் சொல்வோம்) போய், வியாதியஸ்தர்களுக்காக ஜெபிக்கும்போது உங்கள் மாமியாரையும் சேர்க்கச் சொன்னேன். பெயர் தெரியாது, ஆர்.சி. என்றும் சொன்னேன். அவர் பேனாவை எடுத்து, "தூத்துக்குடியில் ஒரு தாயார்" என்று எழுதிக்கொண்டார். அன்று முதல் ஒவ்வொரு ஞாயிறும் அந்த வரியை வாசிக்கிறார். சபையில் ஒருவரும் யார் அது என்று கேட்கவில்லை. உங்கள் மாமியார் இப்போது எப்படி இருக்கிறார், இருக்கிறாரா, தெரியவில்லை. தெரியும்வரை வாசிக்கச் சொல்லியிருக்கிறேன்.

இந்த வாரம் ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்புக்கான ஜெப வாரம். இதைப் பற்றி அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தபோது திடீரென்று கேட்டாள்: "பனிமய மாதா கோயில் திருவிழா என்றைக்கு?" ஆகஸ்ட் 5 என்றேன். "தூத்துக்குடி முழுக்க அன்னைக்கு அங்கதானே இருக்கும். வாசல்ல நின்னா அந்தப் பிள்ளையப் பார்த்திரலாம்" என்றாள்.

என் அம்மா இதுவரை ஆர்.சி. கோயில் வாசலை மிதித்ததில்லை, அக்கா. இந்த ஆகஸ்டில் வாசலில் நிற்போம். பச்சைக் கரை வைத்த வெள்ளைச் சேலை, கையில் குடை. எங்களைப் பார்த்தால் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் தங்கச்சி