உன் கட்டில் பனியில் ஓடுகிறது

போட்ஸ்ஃபியோர்ட், வட நோர்வே,
பெப்ரவரி, ஞாயிறு பின்னேரம்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. கராஜில் மகனும் சேர்ந்து வேலை செய்கிறான் என்று வாசித்து மனம் நிறைந்துபோனது. இங்கே எல்லாரும் சுகம். நவம்பர் கடைசியில் போன சூரியன் ஜனவரி நடுப்பகுதி கழிந்து வந்துவிட்டது.

பென்ஷன் எடுத்த பிறகு பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். பனியில் பாதை போடுகிறேன், மச்சான். பேத்திக்கு நாலு வயது, இந்த வருடம்தான் பனியில் சறுக்குகிற ஸ்கீ பழகுகிறாள். ஊரின் லைட் போட்ட லொய்ப்பேயை, அதாவது ஸ்கீப் பாதையை, பெரிய மெஷின் பார்த்துக்கொள்ளும். ஏரியைச் சுற்றி ஒன்றரைக் கிலோமீற்றர் ஒடுக்கப் பாதை ஒன்று இருக்கிறது, சின்னப் பிள்ளைகளுக்கு அதுதான் வசதி. அங்கே அந்த மெஷின் திரும்பாது. ஆகவே நாங்கள் மூன்று கிழவர்கள் சேர்ந்து, பக்கத்து வீட்டுக்காரரின் பனி ஸ்கூட்டருக்குப் பின்னால் இழுக்கிற சாமான்களை நாங்களே செய்தோம். ஸ்கூட்டரை நினைத்த இடமெல்லாம் ஓட்ட 1977 ஆம் ஆண்டுச் சட்டம் விடாது. ஆனால் ஸ்கீப் பாதை போடச் சங்கங்கள் ஓட்டலாம். இங்கே இதை டுக்நாட் என்பார்கள், நம்முடைய சிரமதானம்தான்.

முதலாவது உருளை. மதகுக்குப் போடுகிற வரிவரியான கறுப்புப் பிளாஸ்டிக் குழாயில் 120 சென்ரிமீற்றர் வெட்டி, இரண்டு பக்கமும் பலகை வட்டம் அடைத்து, நடுவே இரும்புக் குழாய் செருகினோம். புதுப்பனி விழுந்தவுடன் அதை உருட்டினால் உள்ளே இருக்கிற காற்று போய்ப் பனி இறுகும்.

இரண்டாவதைத்தான் உனக்கு எழுத வேண்டும் என்று இருந்தேன். 1987 இல் நாம் வந்து இறங்கியபோது படுத்த மீன் தொழிற்சாலை விடுதியைப் போன இலையுதிர்காலத்தில் இடித்தார்கள். பார்க்கப் போனேன். இரும்புக் கட்டில்களை வெளியே குவித்து வைத்திருந்தார்கள். ஒன்றின் தலைமாட்டுச் சட்டத்தில், ஆணியால் நீ கீறிய உன் பெயரின் முதல் எழுத்து, துருவுக்குள்ளே அப்படியே இருந்தது. கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். கால்களை வெட்டிவிட்டு, ஸ்பிரிங் வலையைப் பனியில் படும்படி கவிழ்த்து, மேலே இரண்டு சீமெந்துக் கல் கட்டி இழுக்கிறோம். வயலில் மாட்டுக்குப் பின்னால் பலகை அடித்து மேட்டைப் பள்ளத்தில் தள்ளுவார்களே, அதே வேலை. காற்று கொண்டுவந்து குவித்த கட்டியெல்லாம் உடைந்து மாப்போல ஆகிவிடும்.

மூன்றாவது, ஸ்கீ ஓடுகிற இரட்டைத் தடத்தைப் பனியில் பதிக்கிற சறுக்குப்பலகை. மீன் வெட்டுகிற அந்த வெள்ளைப் பிளாஸ்டிக் பலகையை அடுக்கி, முன்பக்கம் கூராகச் செதுக்கி, இரண்டு கட்டை செய்தோம். ஸ்கீயின் அடிப்பக்கமும் பொலிஎதிலீன்தான், அதனால் பனி ஒட்டாது. நடுவுக்கு நடு 22 சென்ரிமீற்றர், ஆழம் 4. முதலில் கயிற்றில் கட்டி இழுத்தோம். இறக்கத்தில் ஸ்கூட்டர் வேகம் குறைந்ததும் அது பின்னாலிருந்து வந்து மோதியது, தடமும் பாம்பு போல நெளிந்தது. இப்போது இரும்புக் குழாயால் விறைப்பாகப் பூட்டியிருக்கிறோம்.

ஆனால் நான் படித்த பெரிய பாடம் வேறு. ஆரம்பத்தில் எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில் முடித்துவிட்டு உடனே பிள்ளைகளை விட்டோம். பத்து நிமிடத்தில் தடம் இடிந்து கொட்டியது. இன்னும் பாரம் ஏற்ற வேண்டும் என்றுதான் நினைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், பாரம் இல்லை, நேரம்தான் வேண்டும் என்று. கிளறிவிட்ட பனியில் குறுணி குறுணியாக இருப்பவை ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கும். சும்மா விட்டால் தொடுகிற இடங்களில் தாமாகவே பிணைந்துவிடும். மைனஸ் 5, 8 என்றால் ஒரு இரவு போதும். குளிர் கடுமையானால் அந்தப் பிணைப்பும் மெதுவாகும். ஈரப்பனியைக் கிளறிவிட்டு இரவு உறைந்தால் காலையில் கண்ணாடிதான்.

இப்போது பின்னேரம் ஓட்டுகிறேன், விடிய முதல் ஆளாய்ப் போய்ப் பார்க்கிறேன். போன சனிக்கிழமை தடத்தின் ஓரத்தைக் கையுறையைக் கழற்றிவிட்டு விரலால் அமத்தினேன். உதிரவில்லை. பேத்தி முழுச் சுற்றையும் விழாமல் போய்வந்தாள்.

ஒரு உதவி வேண்டும். கூரான வளைவிலும் தெருவைக் கடக்கிற இடத்திலும் அந்தக் கட்டைகளைத் தூக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் இறங்கித் தூக்க என் முழங்கால் விடுகிறதில்லை. உழவு இயந்திரத்துக்குக் கலப்பை தூக்க லீவர் செய்து கொடுக்கிறாயே, அந்த மாதிரி, கயிறு இழுத்தால் எழும்பி நிற்கிற மாதிரி ஒன்றைக் கீறி அனுப்பு. சறுக்குப்பலகையின் அகலம் 60, நீளம் 110, கல்லோடு சேர்த்து ஐம்பது கிலோ வரும். ஈஸ்டருக்கு முன் கிடைத்தால் நல்லது. பனி மே வரை கிடக்கும், ஆனால் ஈஸ்டர் விடுமுறைக்குத்தான் பிள்ளைகள் எல்லாரும் வருவார்கள்.

அன்புடன்,
கீழ்க்கட்டில்காரன்