அக்காவுக்கு, சென்டரை விட்டுப் போகுமுன்

அன்புள்ள அக்கா,

நம் குழந்தைகள் ஆக்குபேஷனல் தெரபி சென்டரிலிருந்து மாதக் கடைசியோடு நின்றுகொள்கிறேன் என்று வாட்ஸப்பில் அனுப்பியிருந்தேன். நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. இத்தனை வருஷப் பழக்கத்துக்கு நேரில் வந்து சொல்லியிருக்க வேண்டும்தான், மன்னித்துவிடுங்கள். ஆனால் நேரில் வந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். "சாப்பிட்டியாடி, உட்காரு" என்பீர்கள். நானும் உட்கார்ந்துவிடுவேன், அடுத்த வருஷமும் அங்கேயே இருப்பேன்.

நமக்குள் என்ன நடந்தது என்பதை இங்கே எழுதப்போவதில்லை. இதைப் பெற்றோர்கள் படிப்பார்கள், நம் ஜூனியர்கள் படிப்பார்கள். ஊர், சென்டர் பெயர் எதுவும் வேண்டாம். எந்தக் குழந்தைக்கும் அங்கே கெடுதல் நடந்ததில்லை என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாரும் பயந்துவிடக் கூடாது.

படிகளில் இறங்க மாட்டானே, அந்தப் பையன்தான் இரண்டு வாரமாக என் மனதில் இருக்கிறான். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது கழுத்தைப் பின்னால் சாய்க்க விடமாட்டான், கால் தரையை விட்டால் அலறுவான் என்று அவன் அம்மா சொன்னார். "சரியான பிடிவாதம்" என்றார். நான் அப்போதுதான் இன்டர்ன்ஷிப் முடித்து வந்திருந்தேன். ஊஞ்சல் என்றால் எந்தக் குழந்தைக்கும் பிடிக்கும் என்று தூக்கிப் பலகை ஊஞ்சலில் வைக்கப் போனேன். என் கழுத்தில் உடும்புப் பிடியாகத் தொங்கினான்.

நீங்கள் என்னைத் திட்டவில்லை. கயிற்றை இறக்கிப் பலகையைப் பாயோடு பாயாக உட்கார வைத்தீர்கள். அது துளியும் ஆடாதபடி அடியில் தலையணைகளைச் செருகினீர்கள். அப்புறம் பக்கத்தில் குப்புறப் படுத்து, அவன் பக்கமே திரும்பாமல், பலகை மேல் பொம்மைக் கார்களை வைத்து ஒவ்வொன்றாக ஒரு செருப்புப் பெட்டிக்குள் தள்ள ஆரம்பித்தீர்கள். அவன் அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். "மேடம், அரை மணி நேரம் ஆச்சு, இன்னும் ஊஞ்சல்ல ஏத்தவே இல்லையே?" என்றார். "ஏத்துறது என் வேலை இல்லைங்க. அவனா ஏறணும்" என்றீர்கள்.

ஏறினான். முதலில் ஒரு முட்டி. நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தது அவன் கால் விரல்களை. பாயைக் கவ்வுகிற மாதிரி சுருண்டிருந்தன. அவை நிமிர்கிறவரை காத்திருந்து, ஒரே ஒரு தலையணையை உருவினீர்கள். பலகை கொஞ்சம் அசைந்தது. விரல்கள் மறுபடி சுருண்டன, மறுபடி நிமிர்ந்தன. அன்றைக்கு அவ்வளவுதான், இரண்டாவது தலையணையைத் தொடவில்லை. அவர்கள் கிளம்பும்போது அந்த அம்மாவிடம், காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு தரும் தகவலை அவன் மூளை வேறு மாதிரி எடுத்துக்கொள்கிறது, நமக்குச் சின்னச் சாய்வு என்பது அவனுக்கு விழுவதுதான் என்று பொறுமையாகச் சொன்னீர்கள். "பிடிவாதம் இல்லைங்க, பயம்." அந்த அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே போனார்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு நம் வேலை விளையாட்டுக் காட்டுவதுதான். அதற்கா நாலரை வருஷப் படிப்பு என்று என் மாமியார்கூடக் கேட்டிருக்கிறார். எந்தத் தலையணையை எப்போது உருவுவது என்பதற்குத்தான் அந்தப் படிப்பு என்று நான் சொன்ன பதில் உங்களிடமிருந்து வந்தது.

அதே ஹாலில் இப்போது லேமினேட் செய்த சார்ட் தொங்குகிறது. ஊஞ்சல் பத்து நிமிடம், டிராம்போலின் பத்து நிமிடம், மணி கோர்ப்பது பத்து நிமிடம். எல்லாக் குழந்தைக்கும் அதே வரிசை, அதே எடை ஜாக்கெட். புலன்கள் தரும் தகவலை மூளை சேர்த்துப் பயன்படுத்தப் பழக்குகிற சென்சரி இன்டக்ரேஷன் தெரபியை உருவாக்கிய ஜீன் அயர்ஸ் 1972-ல் அதைப் பற்றி எழுதிய புத்தகத்தை ஜெராக்ஸ் போட்டு எனக்குக் கொடுத்தது நீங்கள். குழந்தையோடு சேர்ந்து அடுத்து என்ன செய்வது என்று முடிவு செய்யாவிட்டால் அது சென்சரி இன்டக்ரேஷனே இல்லை என்று சொல்லிக்கொடுத்ததும் நீங்கள்தான். 2012-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு, இந்த வகைத் தெரபிகளுக்கு ஆதாரம் இன்னும் போதவில்லை, அதைப் பெற்றோரிடம் சொல்லுங்கள், பலன் தெரிகிறதா என்று இலக்கு வைத்துப் பாருங்கள் என்று எழுதியது. அதையும் பிரிண்ட் எடுத்து எங்களைப் படிக்க வைத்தீர்கள். இப்போது பேக்கேஜ் முடிவதற்குள் இலக்கைப் பற்றிப் பேசினால் "ஃபீஸ் கட்டிட்டாங்க, முடியட்டும்" என்கிறீர்கள்.

மூன்று மாதம் மட்டும் வேலை பழகிய பெண்கள் செஷன் எடுக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை, என்னைவிடப் பொறுமைசாலிகள். ஆனால் பென்சில் பிடிக்கவில்லை என்று ஒரு குழந்தை வந்தால் ரப்பர் கிரிப் மாட்டிக் கொடுக்கத்தான் அவர்களுக்குத் தெரியும். நீங்கள் பென்சிலையே எடுக்க மாட்டீர்கள். சுவரில் பேப்பரை ஒட்டி நின்றுகொண்டு கிறுக்க விடுவீர்கள். தோள் நிலையாக நிற்கிறதா, மணிக்கட்டு பின்னால் மடங்குகிறதா, கோடு இடது ஓரத்துக்குப் போகும்போது கை உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டுகிறதா அல்லது உடம்பே சேர்ந்து திரும்புகிறதா என்று பார்ப்பீர்கள். விரலில் தெரிகிற கோளாறுக்குக் காரணம் தோளில் இருக்கலாம். இதை அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? சொல்லிக்கொடுக்க உங்களுக்கு நேரம் இருந்ததா?

வாடகை, லோன் எல்லாம் எனக்கும் தெரியும். நாம் பழக்கிய ஆட்கள் ஒவ்வொருவராக லண்டன், மெல்போர்ன் என்று ஏறிவிட்டார்கள். வெயிட்டிங் லிஸ்டில் இருக்கிறவர்கள் போனில் அழுவார்கள், அதைக் கேட்டு நீங்கள் அழுதது எனக்குத் தெரியும். எங்கப்பா ஐசியுவில் கிடந்தபோது ஒரு ரூபாய் பிடிக்காமல் சம்பளம் போட்டீர்கள். சார்ட் வந்த பிறகும் நான் அங்கே இருந்ததற்கு அதுதான் காரணம். இதை நன்றியாகச் சொல்கிறேனா, குற்றச்சாட்டாகச் சொல்கிறேனா என்று எனக்கே பிடிபடவில்லை.

2021-ல் துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்தது. "இனிமே படிக்காதவன் தெரபிஸ்ட்னு போர்டு மாட்ட முடியாதுடி" என்று மைசூர்பாகு வாங்கி வந்தீர்கள். ஹால் முழுக்க நெய் வாசனை. அந்த இனிப்பை நினைத்தால் இப்போது எரிச்சல்தான் வருகிறது.

அடுத்து நான் போவது அரசு ஆஸ்பத்திரியில், வளர்ச்சியில் பின்தங்கிய குழந்தைகளுக்குச் சின்ன வயதிலேயே சிகிச்சை தருகிற ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு. ஒப்பந்த வேலை, சம்பளம் குறைவு, இருப்பது ஒரே ஊஞ்சல். நம் குழந்தைகள் யாரையும் அங்கே இழுக்க மாட்டேன், இந்த ஒன்றை நம்புங்கள்.

ஃபைல்களை முடித்துவிட்டேன். ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் அந்தக் குழந்தைக்கு எது பயம், எது பிடிக்கும், எந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்தும் என்று தமிழில் எழுதியிருக்கிறேன், புதுப் பெண்களுக்குப் புரியட்டும் என்று. எழுதும்போது உங்கள் மேல் கோபமாகத்தான் இருந்தேன். ஆனாலும் முழுசாக எழுதியிருக்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். என் இடத்தில் வருகிறவர் என்ன படித்திருக்கிறார் என்பதைப் பெற்றோரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அவர்களிடம் என் நம்பர் இருக்கிறது, கூப்பிட்டுக் கேட்டால் நான் பொய் சொல்ல மாட்டேன்.