மரங்கொத்தியின் சவரக்கடை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த பழைய கார்ட்டூன்கள் பற்றிய கட்டுரை, வூடி வுட்பெக்கர் என்னும் குறும்புக்கார மரங்கொத்தியின் படங்களை 'அடிதடியும் கூச்சலும்' என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டது. மனம் ஒப்பவில்லை. 1944-இல் வால்ட்டர் லான்ட்ஸின் ஸ்டூடியோ தயாரித்த 'தி பார்பர் ஆஃப் செவில்' படத்தைப் பார்த்தவர்கள் அப்படி எழுத மாட்டார்கள்.

சுமார் ஏழு நிமிடப் படம். போர்க்காலம். சவரக்கடைக்காரர் ஃபிகாரோ ராணுவ உடற்தகுதிச் சோதனைக்குப் போயிருக்கிறார். முடிவெட்ட வந்த மரங்கொத்தி, தானே கடைக்காரராகிவிடுகிறது. வந்து மாட்டிக்கொள்ளும் கட்டடத் தொழிலாளிக்கு, இத்தாலிய இசையமைப்பாளர் ரொசினியின் இதே பெயருள்ள 1816-ஆம் ஆண்டு ஆபராவில் (இசை நாடகத்தில்) ஃபிகாரோ என்னும் சவரக்காரன் பாடிக்கொண்டே நுழைவானே, அந்தப் பாட்டைப் பாடியபடி சவரம் செய்கிறது. முதலில் எல்லாம் நிதானம். பாட்டு வேகம் பிடிக்கப் பிடிக்க ஷாட்டுகள் குறுகிக்கொண்டே போகின்றன. கத்தி ஒரு கணம், முகம் ஒரு கணம். 'ஃபிகாரோ! ஃபிகாரோ!' என்னுமிடத்தில் ஒரு வூடி பல வூடிகளாகப் பிரிந்து பாடுகிறது. தாளத்துக்கு ஒரு ஃபிரேம்கூடப் பிசகுவதில்லை. இதையா கூச்சல் என்பது?

இயக்கியவர் ஷேமஸ் கல்ஹேன். டிஸ்னியின் 'ஸ்னோ ஒயிட்'டில் குள்ளர்கள் வரிசையாகப் பாடிக்கொண்டு வீடு திரும்பும் காட்சிக்கு உயிர் கொடுத்த அதே கலைஞர்தான். அந்த மெல்லிய நடை எங்கே, இந்த வெறிவேகம் எங்கே! குறுகிய ஷாட்டுகளை வேகமாக அடுக்கும் சோவியத் படங்களின் படத்தொகுப்பை அவர் ஊன்றிக் கற்றிருந்தார். அந்தப் பாடம் இங்கே கண்ணுக்குத் தெரிகிறது.

குறையும் உண்டு. முதல் வாடிக்கையாளராக வரும் அமெரிக்கப் பழங்குடித் தலைவரைக் கேலிப்பொருளாக்கியிருக்கிறார்கள். அன்றைய ஹாலிவுட் அந்த மக்களை எப்படிப் பார்த்தது என்பதற்கு அது சாட்சி. அதை வெட்டி எறிவதைவிட, படத்துக்கு முன்பே அதைச் சொல்லிவிட்டு முழுதாகக் காட்டுவதே நேர்மை என்பது என் கருத்து.

இந்தப் படங்கள் திரையரங்கில், முழுநீளப் படத்தோடு சேர்த்து, பெரியவர்களும் பார்ப்பதற்காக எடுக்கப்பட்டவை. அவற்றைப் பற்றி எழுதும்போது பறவையின் பெயரோடு நிறுத்தாமல் இயக்குநரையும் இசையமைப்பாளரையும் குறிப்பிடுங்கள். இதற்கு இசையமைத்த டாரல் கால்கர், லான்ட்ஸின் 'ஸ்விங் சிம்பொனி' வரிசைக் கார்ட்டூன்களில் ஜாஸ் கலைஞர்களை வாசிக்க வைத்தவர். அவரைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்று வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி