துணிதான் வீட்டிலேயே இருக்கே என்றாய்

அன்புத் தங்கைக்கு,

குயில்ட் அலமாரியை, அதாவது துண்டுத் துணிகளை இணைத்து நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வைகளுக்காக நான் துணி சேர்த்து வைத்த அலமாரியை, உனக்கே கொடுத்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். ஏன் உனக்கு, ஏன் இப்போது என்பதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். என் விரல் மூட்டுகளைப் பற்றியும் இங்கே எழுத வேண்டியதில்லை. அந்த அலமாரி உன்னிடம் என்னவெல்லாம் கேட்கும் என்பதுதான் உனக்குத் தெரியாது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நீ அன்று நாலு பேர் முன்னால் பேசினாய், அதனால் நானும் பொதுவிலேயே எழுதுகிறேன். "துணிதான் வீட்டிலேயே இருக்கே, அக்காவுக்கு என்ன செலவு?" சொல்லிவிட்டு, ஒருவருக்குக் குயில்ட் தருவதாகவும் ஒப்புக்கொண்டாய். அவர் யார் என்று எழுத மாட்டேன். அவரும் இதைப் படிக்கலாம், அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. பதில் சொல்லாமல் எழுந்து உள்ளே போனதற்கு மன்னித்துக்கொள். ஆனால் உட்கார்ந்திருந்தாலும் என்ன சொல்லியிருக்க முடியும்? இது வாயால் சொல்கிற கணக்கு இல்லை. காகிதமும் பென்சிலும் வேண்டும். இப்போது இரண்டும் இருக்கின்றன.

விலையை எழுதவில்லை. விலை கடைக்குக் கடை மாறும், அளவு மாறாது.

நீ ஒப்புக்கொண்டது 60க்கு 80 இன்ச். படத்தில் காட்டியது 2 இன்ச் கட்டங்கள். அகலத்தில் 30, நீளத்தில் 40, ஆக 1200 கட்டம். தைத்த பிறகு 2 இன்ச் நிற்க வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் இரண்டரை இன்ச்சாக வெட்ட வேண்டும், நான்கு பக்கமும் தையலுக்குக் கால் இன்ச் போகும். குயில்ட் காட்டன் 42 முதல் 44 இன்ச் அகலத்தில் வரும். கரையை வெட்டி எறிந்தால் நம்பக்கூடியது 40 இன்ச். அந்த அகலத்துக்குக் குறுக்காக வெட்டும் ஒரு பட்டையில் 16 கட்டம், மொத்தம் 75 பட்டை. கிட்டத்தட்ட 4.8 மீட்டர். இதே குயில்டை 5 இன்ச் கட்டத்தில் செய்தால் 192 கட்டம்தான், 3.9 மீட்டரில் முடிந்துவிடும். கட்டம் சிறிதாகச் சிறிதாகத் துணி தையலுக்குள் போய் மறைகிறது. 'சின்னச் சின்னத் துண்டுதானே, மிச்சத் துணியிலேயே ஆகிவிடும்' என்று சொல்கிறவர்கள் இதை ஒருமுறை கூட்டிப் பார்க்க வேண்டும்.

இது மேல்பக்கம் மட்டும்.

அடித்துணி நாலு பக்கமும் 4 இன்ச் கூடுதலாக இருக்க வேண்டும், ஏனென்றால் மேல்பக்கம், பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துக் குயில்டிங் தையல் போடும்போது துணி உள்ளே இழுக்கும். ஆக 68க்கு 88. ஒரு அகலம் போதாது, 88 இன்ச் நீளத்தில் இரண்டு துண்டு வெட்டி நடுவில் இணைக்க வேண்டும். அது நாலரை மீட்டர். ஓரத்தை மூடித் தைக்கும் பட்டைதான் பைண்டிங்: சுற்றளவு 280 இன்ச், மூலை திருப்பவும் இணைக்கவும் இன்னும் ஒரு 10 இன்ச். இரண்டரை இன்ச் பட்டை எட்டு, அரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல். நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்பு, அதாவது பேட்டிங், அதுவும் 68க்கு 88. துணி மட்டுமே பத்து மீட்டரை நெருங்குகிறது. கண்ணுக்குத் தெரிகிற, நீ கையால் தடவிப் பார்த்து அழகு என்று சொன்ன பக்கம் அதில் பாதிகூட இல்லை.

இப்போது அலமாரிக்கு வருகிறேன். அதில் இருப்பவை பெரும்பாலும் ஃபேட் குவார்ட்டர், அதாவது 18க்கு 22 இன்ச் துண்டுகள். ஒன்றிலிருந்து இரண்டரை இன்ச் கட்டம் 56 வரும். 22 துண்டு இருந்தால் உன் குயில்டின் மேல்பக்கம் ஆகிவிடும். அதைவிட அதிகமாகவே இருக்கிறது, அந்த அளவில் நீ சொன்னது சரி. ஆனால் அத்தனையும் பூப்போட்டவை, கோலம் போட்டவை, ஒரு நிறம் பிடித்துப்போய் வாங்கியவை. அவற்றில் அடித்துணி கிடையாது. இணைப்பு இல்லாமல் 80 இன்ச் பார்டர் எடுக்கிற நீளம் கிடையாது. பின்னணிக்கு வேண்டிய வெளிர் நிறம் எப்போதும் முதலில் தீரும், ஏனென்றால் யாரும் அதை ஆசைப்பட்டு வாங்குவதில்லை. அரை மீட்டர் வாங்கிய துணி தீர்ந்து மறுபடி கேட்டால், அதே டிசைன், அதே எண், ஆனால் வேறு சாயத் தொகுதி வரும். பக்கத்தில் வைத்தால் நிறம் வேறாகத் தெரியும். அதனால் சேர்த்து வைத்த துணியில் தொடங்கும் ஒவ்வொரு குயில்டும் கடைக்கு ஒரு பட்டியலோடு அனுப்பும். கையிருப்பு செலவைக் குறைக்கும் என்று நினைத்து அந்த அலமாரியைத் திறக்காதே.

உனக்கு நிறம் சேர்க்கத் தெரியும். மஞ்சளை எங்கே வைத்தால் பக்கத்துப் பச்சை எழுந்து நிற்கும் என்று பார்த்தவுடன் சொல்வாய். அந்தக் கண்ணுக்காகத்தான் எல்லாவற்றையும் உன்னிடம் தருகிறேன், வேறு யாருக்கும் தர மனம் வரவில்லை. ஆனால் நிறம் சேர்ப்பது ஒரு சாயங்கால வேலை. அதை முடித்துவிட்டு நீ எழுந்து போவாய். அதன் பிறகுதான் குயில்ட் தொடங்குகிறது, அந்த இடத்தில் நீ ஒருநாளும் இருந்ததில்லை.

அந்த இடம் இதுதான். 40 வரிசை, வரிசைக்கு 29 தையல், 1160 குட்டித் தையல். ஒன்றுக்குச் சேர்த்துப் பிடிக்க, தைக்க, இஸ்திரி போட எல்லாமாக ஒரு நிமிடம் என்று குறைத்து வைத்தாலும் 19 மணி நேரத்துக்கு மேல். வெட்டுவதும் வரிசைகளை இணைப்பதும் தனி. வரிசைகளையும் சேர்த்தால் தையல் நீளம் 133 மீட்டர் வரும். மேல் நூல், பாபின் நூல் சேர்த்து இரண்டரை மடங்கு போகும், 330 மீட்டர். குயில்டிங் நூல் இந்தக் கணக்கிலேயே இல்லை.

இதில் எது கெட்டுப்போகும் என்று கேள். தையலுக்கு விடும் கால் இன்ச், அதில் நாலில் ஒரு பங்கு கூடிவிட்டது என்று வை. கண்ணுக்கே தெரியாது. ஆனால் ஒரு தையலில் இரண்டு துணி இருக்கிறது, ஆக அரைக்கால் இன்ச், அதாவது எட்டில் ஒரு பங்கு, போகும். 29 தையலில் மூன்றரை இன்ச்சுக்கு மேல் வரிசை குறுகிவிடும். பக்கத்து வரிசையோடு சேராது. இழுத்துச் சேர்த்தால் குயில்ட் அலைபாயும். துணி மடிகிற இடத்தில் நூலும் கொஞ்சம் இடம் எடுக்கும், அதனால் கால் இன்ச்சுக்கு ஒரு நூல் உள்ளேயே தைக்க வேண்டும். தொடங்குமுன் மூன்று இரண்டரை இன்ச் கட்டத்தைத் தைத்து இஸ்திரி போட்டு அளந்து பார். சரியாக ஆறரை வர வேண்டும். வராவிட்டால் ஊசி நிலையையோ அழுத்துகாலின் வழிகாட்டியையோ மாற்று. துணியில் கை வைக்காதே.

வெட்டும் சாமான்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சக்கரம் போல உருட்டி வெட்டும் ரோட்டரி கட்டரின் பிளேடு நடுநடுவே நூலை விட்டுவிட்டு வெட்டினால் மாற்றிவிடு. அழுத்தி வெட்டினால் ஸ்கேல் நழுவும், விரலும் போகும். ஊசியை எட்டு மணி நேரத் தையலுக்கு ஒருமுறை மாற்று. வெட்டும்போது அடியில் விரிக்கும் மேட் மேல் சூடான இஸ்திரிப் பெட்டியோ வெயிலோ படக் கூடாது, வளைந்த மேட் நிமிராது.

மூன்று அடுக்கையும் சேர்க்க நாலு இன்ச்சுக்கு ஒரு சேஃப்டி பின், 300 பின். அடித்துணியைத் தரையில் நிமிர்த்தி ஓரமெல்லாம் டேப் ஒட்டு. தொய்வாக விட்டால் தைக்கும்போது அடியில் மடிப்பு விழும், மேலே இருந்து தெரியாது. முழுவதும் முடித்துத் திருப்பிப் பார்க்கும்போதுதான் தெரியும், பிறகு பிரிக்க வேண்டும். நடுவிலிருந்து வெளியே தைத்துப் போ. பேட்டிங் உறையில் தையல்களுக்கு நடுவே அதிகபட்சம் எத்தனை இன்ச் விடலாம் என்று இருக்கும். அதைத் தாண்டினால் துவைக்கத் துவைக்கப் பஞ்சு கட்டியாகும்.

சும்மா இருந்தாலும் அந்தத் துணிகள் வேலை வைக்கும். மடித்த விளிம்பில் வெளிச்சம் பட்டால் அந்தக் கோடு மட்டும் வெளுக்கும், அங்கே வெட்ட முடியாது. அவ்வப்போது மடிப்பை மாற்றிப் போடு. பூச்சில்லாத மரத்தட்டில் நேராக வைத்தால் மஞ்சள் கறை ஏறும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பெட்டியில் மூடினால் பூஞ்சை. இரண்டு கையால் இழுத்துக் கிழிகிற பழைய துணியை எவ்வளவு அழகாக இருந்தாலும் தூக்கிப் போடு. சிவப்பையும் கருநீலத்தையும் நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும். துவைத்ததும் துவைக்காததும் ஒரே குயில்டில் கலந்தால் முதல் சலவையிலேயே ஒன்று சுருங்கும், ஒன்று சுருங்காது. அதனால் துவைத்தவற்றைத் தனித் தட்டில் வைத்திருக்கிறேன், கலந்துவிடாதே.

இவ்வளவும் எழுதியது உன்னைப் பயமுறுத்த இல்லை. கோபத்தில் தொடங்கினேன், உண்மைதான். அலமாரியைத் திறந்து துணிகளை எடுத்து அடுக்கும்போது உன் முகம் எப்படி மலரும் என்று எனக்குத் தெரியும். அதைப் பார்க்க ஆசையாகவும் இருக்கிறது. ஆனால் இனி யாராவது கேட்டால், செலவில்லை என்று மட்டும் சொல்லாதே. என் குயில்டைப் பற்றியும் சொல்லாதே, உன் குயில்டைப் பற்றியும் சொல்லாதே.

நீ வாக்குக் கொடுத்த குயில்டின் வரிசைகளைத் தைத்து, எண் குறித்துக் கட்டி வைத்திருக்கிறேன். ஒற்றைப்படை வரிசைகளில் தையல் மடிப்பு வலப்பக்கம், இரட்டைப்படையில் இடப்பக்கம். அப்போதுதான் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று உட்கார்ந்து முனைகள் சேரும். மறுபடி இஸ்திரி போடுகிறேன் என்று அதை மாற்றிவிடாதே. அடித்துணி நாலரை மீட்டர், பைண்டிங் அரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல், பேட்டிங் 68க்கு 88, மூன்றும் நீதான் வாங்க வேண்டும். அவரிடம் தேதி ஏதாவது சொல்லியிருந்தால் முதலில் அதைத் தள்ளிப்போடு.

அக்கா