தட்டிப் பார்த்துப் பணம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டுச் சமையலறையைத் தீபாவளிக்கு முன் புதுப்பிக்க ஒரு கான்ட்ராக்டரிடம் விட்டோம். முக்கால்வாசிப் பணத்தை முதலிலேயே கொடுத்தது தப்பு. நாணயத்தால் தட்டினால் ஸிங்க் பக்கம் ஏழு டைல்ஸ் ‘டொக் டொக்’ என்கிறது. அடியில் பசை சரியாகப் பரவவே இல்லை. இதைச் சொன்ன நாளிலிருந்து கான்ட்ராக்டர் போனை எடுப்பதில்லை. மாமியார் இன்னும் கராஜில்தான் சமைக்கிறார், பார்க்கவே மனசு கேட்கவில்லை.

நம் தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 54-ஆம் பிரிவுப்படி, குறையைச் சரிசெய்யவோ பணத்தில் நியாயமான பங்கைத் திருப்பித் தரவோ நாம் கேட்கலாம். சரி என்று படங்களோடு கடிதம் எழுதி 14 நாள் கெடு கொடுத்திருக்கிறேன். அப்புறம் சிறு வழக்கு நீதிமன்றம்தான். அங்கே வக்கீல் கிடையாது, நானே பேசுவேன்.

ஒரு வாசகி,
சாட்ஸ்வர்த், டர்பன்