காஃபீன் மட்டும் ஏன் அசையவில்லை?

அனுப்புநர்
பொறுப்பாளர், உணவுப் பரிசோதனைக் கூடம், குன்னூர், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவை.

பொருள்: தவறான செய்முறைத் தாள், வீணாக வாங்கிய சி-18 குழாயின் (திரவ நிறப்பகுப்புக் கருவியில் கலவையைப் பிரிக்கும் குழாய்) விலையைத் திரும்பக் கோருதல்.

ஐயா,

மே மாதம் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி. அதையொட்டி ஸ்குவாஷ் தயாரிப்பவர்கள் எங்கள் வாசலில் வரிசை கட்டுவார்கள். அதில் கெடாமலிருக்கச் சேர்க்கும் பென்சாயிக் அமிலம் எவ்வளவு என்று நாங்கள் அளந்து சொல்ல வேண்டும். இந்த முறை எதைச் சொல்வது? உங்கள் செய்முறைத் தாளின்படி செலுத்திய ஒரே நியமக் கரைசல் (அளவு தெரிந்த பென்சாயிக் அமிலம்) திங்களன்று 8.3 நிமிடத்தில் குழாயைவிட்டு வெளிவந்தது, புதனன்று 5.8.

உங்கள் பொறியாளர் வந்தார், தேநீர் குடித்தார், "மலைக் குளிரில் குழாய் கெட்டுவிட்டது" என்றார். குழாய் இருப்பதோ 30 டிகிரி வெப்பப் பெட்டிக்குள்! ஆனாலும் அவர் சொல்லை நம்பிப் புதிது வாங்கினோம். அதிலும் அதே ஆட்டம்.

பிறகு, தேயிலைச் சோதனைக்காக வைத்திருந்த காஃபீனையும் கலந்து செலுத்தினேன். அது தினமும் 4.8 நிமிடத்தில் வந்து நின்றது. குழாயோ பம்போ பழுதென்றால் காஃபீன் மட்டும் எப்படித் தப்பியது?

காரணம் உங்கள் தாளிலேயே இருக்கிறது: "பாஸ்பேட் தாங்கல் கரைசல், பிஎச் 4.2". (அமிலத்தன்மையின் அளவான பிஎச்சை மாறாமல் காப்பதே தாங்கல் கரைசலின் வேலை.) பென்சாயிக் அமிலத்தின் பிகேஏ மதிப்பும், அதாவது அது சரிபாதி அயனியாகும் பிஎச்சும், அதே 4.2. அங்கே பாதி மூலக்கூறுகள் மின்னேற்றமில்லாமல் குழாய்க்குள் இருக்கும், நீரோடு ஒட்டாத சி-18 பரப்பைப் பற்றிக்கொண்டு தாமதிக்கும்; மறுபாதி பென்சோயேட் அயனியாகி நீரோடு விரையும். மதில்மேல் பூனைதான். பிஎச் 4.0 ஆனால் அயனியாகாதது 61 விழுக்காடு, 4.4 ஆனால் 39. காஃபீன் இந்த எல்லையில் அயனியாவதே இல்லை. அதனால்தான் அது அசையவில்லை. போதாக்குறைக்கு, பாஸ்பேட் நன்றாகத் தாங்குவது 2.1, 7.2 ஆகியவற்றை ஒட்டித்தான். 4.2-இல் அது பெயருக்குத்தான் தாங்கல். அமிலம் சில துளி கூடினாலும் பிஎச் நகர்ந்துவிடும். இந்த எண்ணை எழுதியவர் ஒருமுறையாவது அதைச் செய்து பார்த்தாரா என்பது என் சந்தேகம்.

பிஎச்சை 2.5-க்கு இறக்கினேன். நீங்கள் கெட்டதென்று ஒதுக்கிய அதே பழைய குழாயில், பத்து நாட்களாக 12.6 நிமிடம். காத்திருப்பு கூடியது உண்மைதான், அது பரவாயில்லை.

புதுக் குழாயைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழு விலையையும் தாருங்கள். தாளைத் திருத்தி, அதை வாங்கிய மற்ற கூடங்களுக்கும் அனுப்புங்கள். இரு குழாய்களின் வரைபடங்களும் பணம் செலுத்திய ரசீதும் இணைத்துள்ளேன். பதினைந்து நாட்களுக்குள் பதில் இல்லையெனில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
பொறுப்பாளர்